பழத்திடம் பேர் கேட்டவர்

வேலுச்சாமி அண்ணன் இறந்த வீட்டுக்கு நான் பாதி முகம் சவரம் செய்த கோலத்தில் போய் நின்றேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் அன்றைக்கு அங்கே வந்திருந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

காஜா பெராங் சாலையில் சவரக் கடை நாற்காலியில் சாய்ந்திருந்தேன். வலது கன்னம் முடிந்துவிட்டது. இடது கன்னத்தில் நுரை. அப்போது அண்ணனுடைய பழக்கடைக்குப் பக்கத்தில் காப்பிக்கடை வைத்திருக்கும் சீனர் செருப்புக்கூட இல்லாமல் வந்து நின்றார். "வேலு போயிட்டார்" என்று மலாயில் சொன்னார். லாரியிலிருந்து ரம்புத்தான் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தாராம். ஒரு கூடையைக் கீழே வைத்தாராம், பக்கத்தில் இருந்த காலிப் பெட்டிமேல் உட்கார்ந்தாராம், அவ்வளவுதானாம்.

நான் எழுந்து ஓடினேன். சவரக் கடைக்காரருக்கும் அண்ணன்மேல் பிரியம் அதிகம். அவரும் கையில் இருந்ததைக் கீழே வைக்காமல் என் பின்னால் ஓடிவந்தார். முன்னால் ஒருவன் முகத்தில் நுரையோடு, பின்னால் ஒருவர் கையில் கத்தியோடு. எதிரே சைக்கிளில் வந்த போலீஸ்காரர் இறங்கிப் பார்த்தார். பிறகு ஏறிப் போய்விட்டார்.

சாயங்காலம்வரை அதே முகத்தோடுதான் இருந்தேன். ஆயர் குரோவிலிருந்து வந்திருந்த இரண்டு பையன்கள் என்னை ஓரமாக அழைத்து, "மாமா, வேண்டப்பட்டவங்க எல்லாம் ஒரு பக்கம் எடுக்கணுமா?" என்று பயபக்தியோடு கேட்டார்கள். அண்ணன் இருந்திருந்தால், "ஆமாம்பா, சீக்கிரம் எடுத்துக்கங்க" என்று அனுப்பி வைத்திருப்பார். எனக்கு அன்றைக்கு அந்தத் தெம்பு இல்லை.

படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும், "அவரோட முதல் நாளிலிருந்து கூட இருந்தவன் நீதான், எழுது" என்று கோயில் சபையில் சொல்லிவிட்டார்கள். காஜா பெராங்கில் இருப்பவர்களுக்கு அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புக்கிட் பாருவிலும் பத்து பெரெண்டாமிலும் இருப்பவர்களுக்கு அவரை 'ரெண்டு பேர் வேலு' என்றால் தெரியும். எந்தப் பழத்தையும் அவர் ஒரே பேர் சொல்லி விற்றதில்லை. "பெத்திக், பப்பாளி. பெத்திக், பப்பாளி" என்று மலாயில் ஒருதரம், தமிழில் ஒருதரம் கூவுவார். அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

அண்ணன் திண்டுக்கல்லில் பழமண்டியில் வளர்ந்தவர். கண்ணைக் கட்டிக் கையில் கொடுத்தால் எந்த ஊர்க் கொய்யா என்று சொல்லிவிடுவேன் என்பார். நாங்கள் கட்டிப் பார்த்ததில்லை. மலாயா சுதந்திரத்துக்கு ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், மலாக்கா டவுனில் எங்கள் முதலாளியின் மளிகைக்கடைக்கு வேலைக்கு வந்தார். நான் அங்கே சைக்கிளில் சாமான் கொண்டுபோய்ப் போடுகிறவன். இந்த மண்ணிலேயே பிறந்தவன் என்பதால் புதிதாக வருகிறவர்களைக் கிண்டல் செய்வது என் கூடுதல் வேலை.

மண்டிக்காரர் ஆயிற்றே என்று முதலாளி அவரைப் பழப் பக்கம் நிறுத்தினார். முதல் ஆளாக ஒரு மலாய் அம்மா வந்து, பெத்திக் இருக்கிறதா என்று கேட்டார். அண்ணன் பப்பாளிக் குவியல்மேல் கையை ஊன்றிக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினார். அடுத்து வந்தவர் நானாஸ் கேட்டார். அன்னாசிக்குப் பின்னால் நின்றுகொண்டு அதையும் இல்லை என்றார். இப்படியே வெயில் ஏறும்வரை வந்தவர்களையெல்லாம் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"என்னய்யா, எல்லாரையும் போகச் சொல்றே. இங்க குவிச்சு வச்சிருக்கிறது என்ன, சாமிக்கா?"

"பப்பாளின்னு கேட்டா குடுத்திருப்பேன் முதலாளி. அந்தம்மா வேற என்னமோ கேட்டாங்க."

"அதுதான்யா பப்பாளி."

அண்ணன் ஒரு பப்பாளியைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார். "நீங்களும் கப்பல்ல வந்தவருதானா? உங்க பேரை யாருங்க மாத்துனது?" என்று கேட்டார். பழத்திடம்தான் கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன், சிரிப்பை வெளியே போய்ச் சிரிக்க.

மறுநாள், "தம்பி, 'இது பேர் என்ன'ன்னு கேக்க ஒரு வார்த்தை சொல்லிக்குடு" என்றார். சொல்லிக்கொடுத்தேன். மலாயில் 'என்ன' என்பதற்கு ஒரு சொல், 'யார்' என்பதற்கு ஒரு சொல் என்றும் சொன்னேன். அவர் பழத்துக்கு 'யார்' என்பதையே எடுத்துக்கொண்டார். தப்பு என்று திருத்தினேன்.

"நமக்குச் சோறு போடுறவரை 'என்ன'ன்னா கேக்குறது? 'யாரு'ன்னு கேட்டாத்தான் மரியாதை."

அப்படியே கேட்டார். வருகிறவர் முன்னால் மாதுளையைத் தூக்கிப் பிடித்து, பணிவாக, இவர் யார் என்று மலாயில் கேட்பார். ஜனங்களுக்கு அது பெரிய வேடிக்கை. டெலிமா என்று சொல்லிவிட்டு ஒன்றுக்கு இரண்டாக வாங்கிப் போனார்கள். சில பேர் அவருக்குப் பாடம் நடத்துவதற்காகவே வந்தார்கள். சப்போட்டாவுக்கு இங்கே பேர் சீக்கு. ஒரு மலாய்ப் பாட்டி "சீக்கு?" என்று கேட்டபோது, "ஆண்டவன் புண்ணியத்துல ஒண்ணுமில்லைங்க, கொஞ்சம் சளி மட்டும்" என்று தமிழில் பதில் சொன்னார். அதை ஊர் முழுக்கப் பரப்பியது நான்தான்.

ஒரு பழம் மட்டும் அவருக்குக் கிடைக்கவே இல்லை. நெல்லிக்காய். அவருடைய அம்மா செல்லாயி, இவர் கப்பலேறுவதற்கு முந்தின வருஷம் காலமானவர். உப்பைத் தொட்டு நெல்லிக்காயைக் கடித்து, மேலே ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு, "சர்க்கரை வாங்குற காசு மிச்சம்" என்பாராம். அம்மாவின் திவசத்துக்கு இலையில் ஒரு நெல்லிக்காயாவது வைக்க வேண்டும் என்று அண்ணன் ஆசைப்பட்டார். மார்க்கெட்டில் கேட்டார். உருண்டையாக, பச்சையாக, கோடு போட்டதுபோல் இருக்கும் என்று கையால் காட்டினார். நெல்லிக்காய்க்குப் பதிலாக எலுமிச்சை, கொய்யாப் பிஞ்சு, ஒருநாள் கோலிக்குண்டுகூடக் கொடுத்தார்கள். எனக்கோ நெல்லிக்காய் என்றால் ஜாடியில் ஊறுகாயாக வருவது. அது மரத்தில் காய்க்கும் என்பதையே நான் யோசித்ததில்லை. அந்த வருஷம் செல்லாயி அம்மாவுக்கு நெல்லிக்காய் இல்லாமலேதான் திவசம் நடந்தது. அன்று அண்ணன் யாரையும் யார் என்று கேட்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் மீனாச்சி அண்ணி கடைக்கு வந்தார். அப்போது எனக்கு அவர் அண்ணி ஆகவில்லை. காஜா பெராங் மலாக்கா செட்டிகள் குடியிருக்கும் கம்பத்திலிருந்து, அதாவது கிராமத்திலிருந்து, கூடையோடு வருகிற ஒரு பெண். கெபாயா சட்டையும் இடுப்பில் சாரோங்கும் உடுத்தி, நெற்றியில் திருநீறும் பொட்டும் வைத்திருப்பார். அண்ணன் அந்தத் திருநீற்றைப் பார்த்ததும் வாய் நிறையத் தமிழில், "வாங்கம்மா, எந்த ஊர்ப் பக்கம்?" என்றார். அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார்.

"அவங்களுக்குத் தமிழ் வராதுண்ணே" என்றேன்.

"என்னடா சொல்றே? நெத்தியப் பாரு."

"நெத்தி தமிழ்தான். வாய் மலாய். எத்தனையோ தலைமுறைக்கு முன்னாடி நம்ம பக்கத்திலிருந்து ஏவாரத்துக்கு வந்தவங்க, இங்கயே பொண்ணெடுத்து இங்கயே தங்கிட்டாங்க. சாமி நம்ம சாமி, பேரு நம்ம பேரு."

அண்ணன் ஒரு மாம்பழத்தை எடுத்து நீட்டி, இவர் யார் என்று மலாயில் கேட்டார். அண்ணி, "மெம்பெலம்" என்றார்.

அண்ணன் கூடைகளைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். "தம்பி, கேட்டியா? மெம்பெலமாம். மாம்பழம்டா. நமக்கு எத்தனையோ காலம் முன்னாடியே கப்பலேறி வந்து, பேரை இத்தினியூண்டு வளைச்சுக்கிட்டு, இங்கயே குடித்தனம் பண்றார்." சொல்லிவிட்டு, மாம்பழத்தைப் பார்த்தார். பிறகு மீனாச்சியைப் பார்த்தார். எனக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. அவருக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று.

அதன்பிறகு அந்தப் பெண்ணின் கூடையில் பழம் ஏன் இத்தனை கனக்கிறது என்று அவருடைய அம்மா விசாரிக்கத் தொடங்கினார். நாகம்மா என்று பேர். கம்பத்தில் எல்லோரும் 'மாக்' என்று கூப்பிடுவோம். அம்மா என்று அர்த்தம். கணவரை இழந்தவர், பலகாரம் செய்து விற்று ஒரே மகளை வளர்த்தவர். அவர் மலாயில் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன். காரம் குறைந்திருந்தால் அது என் கைப்பிழை.

பெண் கேட்டுப் போக அண்ணனுக்கு இங்கே சொந்தக்காரர் யாரும் இல்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம், "தம்பி, அங்க வந்து உன் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மொழிபெயர்க்கப் போகிறவனிடம் சொல்கிற பேச்சா இது.

மாக் எங்களுக்குத் தேநீர் கொடுத்தார். பலகாரம் கொடுத்தார். எல்லாம் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"நல்ல பிள்ளைதான். ஆனா கப்பல் ஆள்."

கப்பலுக்கு மலாயிலும் கப்பல்தான். அந்த ஒரு வார்த்தை மட்டும் அண்ணனுக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது. முகம் வாடிவிட்டது.

"கப்பல் ஆளுங்க வருவாங்க, சம்பாதிப்பாங்க, போயிடுவாங்க. சுதந்திரம் வரப்போகுதுன்னு உங்க கடைத்தெருவில பாதிப்பேர் பெட்டி கட்டுறாங்க. உங்க முதலாளியே கடையை விக்கிறாராமே? நாளைக்கு இவனும் ஏறிப் போயிட்டா, என் மகள் துறைமுகத்தில கையாட்டிக்கிட்டு நிக்கணுமா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. முதலாளி ஊரோடு போவதாக முடிவுசெய்து கடையை ஒரு சீனருக்குப் பேசி முடித்துவிட்டார். "நீயும் கூட வந்துரு, டிக்கெட்டு நான் எடுக்கிறேன்" என்று அண்ணனிடம் சொல்லியிருந்தார். திண்டுக்கல்லில் வேலு அண்ணனுக்கு அவருடைய கூடப்பிறந்த மூத்தவர் ஒரு பெண்ணையும் பார்த்து வைத்திருந்தார். அந்த மாதக் கடைசியில் கப்பல்.

"போக மாட்டேன்னு சொல்லு தம்பி" என்றார் அண்ணன். சொன்னேன்.

"எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க" என்றார் மாக். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி, "அடுத்த வாரம் எங்க வீட்டில் பழப் பார்ச்சு. சாப்பிட வாங்க" என்றார்.

பார்ச்சு என்பது செட்டி மக்கள் தங்கள் முன்னோருக்குப் போடும் படையல். பழக்காலத்தில் ஒரு பார்ச்சு உண்டு. வீட்டில் இறந்துபோன ஒவ்வொருவருக்கும் பிடித்த பழத்தையும் பலகாரத்தையும் வாழை இலையில் பரப்புவார்கள். ஒவ்வொருவரையும் பேர் சொல்லிச் சாப்பிட அழைப்பார்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். வந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்பதற்காக வெளியே இருப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்குப் பெரியவர் மூன்று முறை கதவைத் தட்டிவிட்டுத் திறப்பார். அதன்பிறகு நம் பங்கு.

இதையெல்லாம் நான் அண்ணனுக்கு விவரமாகச் சொல்லிக்கொடுத்துத்தான் கூட்டிப்போனேன். "பேசக் கூடாது, என்ன?" என்றேன். "அதை நீ உனக்குச் சொல்லிக்க" என்றார்.

இரண்டு கூடை நிறையப் பழம் கொண்டுபோனார். மாக் முன்னால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, மலாயில் பேர் சொன்னார். ஒன்றுகூடத் தப்பில்லை. மீனாச்சி திரைச்சீலைக்குப் பின்னால் நின்று விரல்விட்டு எண்ணியதை நான் பார்த்தேன். மாக் கடைசிவரை கேட்டுவிட்டு, "பேர் சொல்லத் தெரியுது. சரி" என்றார். அந்தச் 'சரி'யில் அரை ஆழாக்குத் தேன்கூட இல்லை.

இலைகள் போட்டார்கள். பேர் சொல்லி அழைத்தார்கள். கதவைச் சாத்தினார்கள். நாங்கள் எல்லோரும், ஒரு இருபது பேர் இருக்கும், வாசலிலும் மரத்தடியிலும் சத்தமில்லாமல் உட்கார்ந்தோம். எனக்கு அந்த அமைதி பெரிய தண்டனை. அண்ணன் ஒரே இடத்தில் உட்கார முடியாமல், மெல்ல எழுந்து வீட்டுக்குப் பின்பக்கம் போனார்.

கொஞ்ச நேரத்தில் பின்பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"நெல்லி! தம்பி, நெல்லிடா!"

சின்னக் குரல் இல்லை. பழமண்டியில் ஏலம் கூவிய குரல். இருபது பேரும் எழுந்து நின்றுவிட்டோம். உள்ளே பெரியவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். வெளியே கப்பல் ஆள் கூச்சல் போடுகிறார். ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மீனாச்சி முகத்தை மூடிக்கொண்டார். மாக் சாரோங்கைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்பக்கம் போன வேகத்தைப் பார்த்து, இந்தச் சம்பந்தம் இதோடு முடிந்தது என்று நான் முடிவுகட்டினேன்.

அங்கே வேலியோரம் ஒரு மரம். புளிய இலைபோலச் சின்னச் சின்ன இலை. கிளையை ஒட்டிக் காய்கள். அண்ணன் ஒரு கொத்தைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பக்கத்தில் போய்ப் பார்த்தேன். இரண்டும் நடந்துகொண்டிருந்தது.

"என்ன சொல்றான் இவன்?" என்றார் மாக், பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் அவர் காதில் கிசுகிசுவென்று சொன்னேன். இவருடைய அம்மாவுக்குப் பிடித்த காய். அம்மா இல்லை. திவசத்துக்கு வைக்க ஊர் பூராவும் தேடினார், பேர் தெரியாததால் யாருக்கும் புரியவில்லை.

மாக் மரத்தைப் பார்த்தார். "இதுக்கா பேர் தெரியலை?" என்றார். "இது மலாக்கா."

"மலாக்காவில் இருக்கிற மரம்தான் மாக். மரத்துக்குப் பேர் என்ன?"

"அதைத்தான் சொல்றேன், மடையா. மரத்துக்குப் பேர் மலாக்கா. இந்த மரத்தை வச்சுத்தான் ஊருக்கே பேர் வந்தது. இந்த ஊரிலேயே பிறந்தவன் நீ, உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அண்ணன் பக்கம் திரும்பி மொழிபெயர்த்தேன். அவர் கையில் இருந்த கொத்தையும், சுற்றிலும் இருந்த வீடுகளையும், வேலிக்கு அப்பால் தெரிந்த சாலையையும் பார்த்தார்.

"நெல்லிக்காய் எங்கே, நெல்லிக்காய் எங்கேன்னு ஊர் பூராக் கேட்டேனே தம்பி. ஊரே நெல்லிக்காய்தான்."

மாக் அவரை எழுந்திருக்கச் சொல்லவில்லை. அவரே குனிந்து, கையில் இருந்த கொத்தை வாங்கினார். நிதானமாகப் பறித்து இன்னும் நாலு காய் சேர்த்துக்கொண்டார். முன்பக்கம் போய் மூன்று முறை கதவைத் தட்டித் திறந்தார். எல்லோரும் சாப்பிடத் தயாராக எழுந்தார்கள். மாக் எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு புது வாழை இலையை எடுத்து, தன் கணவரின் இலைக்குப் பக்கத்தில் விரித்தார். நெல்லிக்காயை வைத்தார். ஓரத்தில் உப்பு வைத்தார். அது நான் சொன்னது. ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தார்.

"அம்மா பேர் என்ன?" என்று கேட்டார், நேராக அண்ணனிடமே.

"செல்லாயி."

மாக் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, தன் சொந்தக்காரர்களை அழைத்த அதே குரலில், "செல்லாயி, வா, வந்து சாப்பிடு" என்று மலாயில் அழைத்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார். ஆகவே நாங்கள் எல்லோரும் மறுபடியும் முதலிலிருந்து வாய்மூடி உட்கார வேண்டியதாயிற்று. இருபது பேருக்கும் கொலைப் பசி. யாரும் முணுமுணுக்கவில்லை, முணுமுணுத்தால் மாக் பார்ப்பார்.

அந்த இரண்டாவது அமைதியில், சட்டத்தை அவரே மீறி, மாக் என் பக்கம் சாய்ந்தார்.

"அவன்கிட்ட சொல்லு. அவன் அம்மாவை நான் இங்க சாப்பிடக் கூப்பிட்டுட்டேன். இனிமேல் வருஷா வருஷம் வருவா. அவ வர்ற நேரத்தில மகன் கப்பலேறிப் போயிட்டான்னா, அவளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

நான் வார்த்தை மாறாமல் சொன்னேன். வாழ்க்கையில் கிண்டல் சேர்க்காமல் நான் மொழிபெயர்த்தது அது ஒன்றுதான். அண்ணன் எழுந்துபோய் மாக் காலில் விழுந்தார்.

முதலாளியின் கப்பல் போயிற்று. நானும் அண்ணனும் வழியனுப்பிவிட்டு வந்தோம். சில வாரத்தில் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. அன்றைக்கு ஊரெல்லாம் 'மெர்டேக்கா, மெர்டேக்கா' என்று கூட்டம். அண்ணன் காஜா பெராங் சாலையோரம் பெட்டிகளை அடுக்கித் தம் சொந்தக் கடையைத் திறந்தார். கூட்டத்தில் போகிறவர்களை நிறுத்தி, ஆளுக்கொரு நெல்லிக்காயைக் கையில் கொடுத்து, "நீங்க நிக்கிற ஊரு இதுதான். கடிச்சுப் பாருங்க. புளிக்கும். தண்ணி குடிங்க. இப்ப எப்படி?" என்று கேட்டார். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் அவர் கடைக்கு வந்த வெளியூர்க்காரர் யாரும் அதைக் கேட்காமல் தப்பித்ததில்லை. கல்யாணமும் அந்த வருஷமே நடந்தது. மாப்பிள்ளைத் தோழன் நான். சாப்பாட்டைப் பற்றி மட்டும் ஒரு தனிக் கட்டுரை எழுதலாம்.

அண்ணி அவரிடம் தமிழ் கற்றுக்கொண்டார். பழத்தில் தொடங்கிப் படித்ததால் திட்டுவதுகூடப் பழமாகத்தான் வரும். "காயா இருக்கான்" என்றால் எனக்குப் புத்தி இல்லை என்று அர்த்தம். "அழுகிட்டான்" என்றால் நான் இரண்டு நாளாகக் கடைப்பக்கம் வரவில்லை. அண்ணன் சண்டை போடும்போது மலாயில் போடுவார், அண்ணி தமிழில் போடுவார். ஒருவருக்கொருவர் மரியாதை.

பிள்ளைகள் இரண்டு பேரும் கொஞ்சம் வளர்ந்த பிறகு, அண்ணன் ஒருமுறை அண்ணியைக் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறினார். மாக் துறைமுகம்வரை வந்தார். கையாட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "மாக், திரும்பி வந்துருவாங்க" என்றேன். "மரத்துக்குத் தண்ணி ஊத்தணும், வா போகலாம்" என்றார். அந்த இரண்டு மாதமும் வேலியோரத்து மரத்துக்கு அவர் ஊற்றிய தண்ணீரில் ஒரு வயலே விளைந்திருக்கும்.

திண்டுக்கல் சந்தையில் நடந்ததை அண்ணி சொல்லித்தான் நாங்கள் கேட்டோம். அங்கே அண்ணிக்கு எல்லாப் பழமும் தெரியும், எதற்கும் பேர் வாயில் வரவில்லை. அவசரத்தில் தமிழெல்லாம் மறந்துபோய், ஒரு பழக்காரம்மாவிடம், "மெம்பெலம்" என்று கேட்டுவிட்டாராம். அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எத்தனை வேணும்?" என்று மாம்பழத்தை எடுத்துத் தராசில் வைத்தாராம். அண்ணன் அங்கேயே, நடுச்சந்தையில், அந்தப் பழக்காரம்மாவுக்குக் கும்பிடு போட்டாராம்.

திரும்பி வந்து இறங்கியபோது மாக் மருமகனைப் பார்த்து, "கப்பல் ஆள் வந்துட்டான்" என்றார். அதற்குப் பிறகு கடைசிவரை அவர் வாயில் அண்ணனுக்கு அதுதான் பேர். ஆனால் அப்போது அதில் தேன் இருந்தது. மாக் போய் இரண்டு வருஷம் ஆகிறது. மாக்குக்குக் கொள்ளி வைத்தது அண்ணன்தான்.

போன வாரம் அண்ணனுக்கு எட்டாம் நாள் படையல். மாக்குக்கு ஒரு இலை, செல்லாயி அம்மாவுக்கு ஒரு இலை, நடுவில் அண்ணனுக்கு ஒரு இலை என்று அண்ணி போட்டிருந்தார். "ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் மாமியார், நடுவில் மனுஷன் எப்படி நிம்மதியாச் சாப்பிடுவார்?" என்றேன். அண்ணி யோசித்துப் பார்த்து, அண்ணனுடைய இலையை ஓரத்துக்கு மாற்றினார். அண்ணனுக்குப் பிடித்த பழத்தையெல்லாம் வைத்து, அத்தனைக்கும் இரண்டு பேரையும் சொன்னார். கடைசியாக, "வேலுச்சாமி, வாங்க" என்று தமிழிலும், பிறகு மலாயிலும் அழைத்தார். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்தோம்.

அண்ணே, போய் வாங்க என்று எழுதத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். நீங்கள்தான் எங்கேயும் போகிற ஆள் இல்லையே. அதனால் விடை சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் நமக்குத் தெரியாத பழம் ஏதாவது வைத்திருந்தால், யார் என்று மரியாதையாகக் கேட்டு வையுங்கள். நான் வரும்போது தெரிந்துகொள்கிறேன்.

வெளியே போதுமான நேரம் உட்கார்ந்த பிறகு, அண்ணி எழுந்துபோய் மூன்று முறை தட்டிக் கதவைத் தள்ளினார். கதவு திறக்கவில்லை. சாத்தின வேகத்தில் உள்தாழ் விழுந்திருக்கிறது. உள்ளே ஆள் யாரும் இல்லை. இலைக்கு வந்தவர்கள் மட்டும்தான். கூட்டம் அண்ணியைப் பார்த்தது.

"அவர் வீடுதானே லா" என்றார் அண்ணி. "தாழ் போட்டுக்கிட்டார்."

இன்னும் மூன்று முறை தட்டிப் பார்த்தார். பிறகு அவர்தான் முதலில் சிரித்தார்.

என்னைச் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே இறக்கினார்கள். ஜன்னலுக்குக் கீழே பலகாரத்துக்கான கருப்பட்டிப் பாகு ஒரு பானை நிறைய இருந்தது. என் இடது கால் முதலில் இறங்கியது. பாகு நன்றாக ஆறியிருந்தது. கதவைத் திறந்துவிட்டேன். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பலகாரத்துக்குப் பாகு இல்லை.